குல்மார்க் ஸ்கீயிங் ட்ரிப்புக்கு கேம்பர் வேன்: டிராவலரா, விங்கரா, வி-கிராஸா?

வேளச்சேரி_வேன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிச்சிட்டு சொல்லுங்க. நான், வீட்டம்மா, பத்து வயசு பொண்ணு மூணு பேரும் போன குளிர்காலம் காஷ்மீர்ல குல்மார்க் போய் ஸ்கீயிங் கத்துக்கிட்டோம், பொண்ணுக்கு அது அப்படி பிடிச்சுப் போச்சு, வருஷா வருஷம் போகணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா, எங்களுக்கும் ஆசைதான். ஆனா ஜனவரி பிப்ரவரில அங்க ரூம் வாடகையை நெனச்சாலே பகீர்னு இருக்கு, அதுவும் பனி நல்லா விழுற வாரம் ரூமே கிடைக்காது. அதனால சொந்தமா ஒரு கேம்பர் வேன் ரெடி பண்ணலாம்னு முடிவு பண்ணிட்டோம், மத்த மாசத்துல வால்பாறை, கொல்லிமலை, தனுஷ்கோடின்னு நம்ம பக்கமும் ஓட்டிக்கலாம்.

பார்த்து வெச்சிருக்கறது: செகண்ட் ஹேண்ட் ஃபோர்ஸ் டிராவலர், செகண்ட் ஹேண்ட் டாடா விங்கர், பட்ஜெட் எட்டினா அர்பேனியா. ஒரு ஃப்ரெண்டு என்னன்னா இதெல்லாம் பனில ஏறாது, இசுஸு வி-கிராஸ் ஃபோர் பை ஃபோர் வாங்கி பின்னாடி கூடு கட்டிக்கோங்கறான். அம்பத்தூர்ல பாடி கட்டுற ஒருத்தர்கிட்ட விசாரிச்சா, ஏசி சூப்பரா போட்டுத் தர்றேன், ஹீட்டர் எல்லாம் எதுக்கு சார், கம்பளி போத்திக்கிட்டா போதும்ங்கறார். சின்னப் புள்ளைய வெச்சுக்கிட்டு மைனஸ் டிகிரில கம்பளிய நம்பி எப்படிப் படுக்கறது? ஃபோர் பை ஃபோர் கண்டிப்பா வேணுமா, இல்ல டயர்ல பனிச் செயின் போட்டா போதுமா? நம்ம ஊர்ல ஓட்டியே பழகின ஆளு நான், பனில ஓட்டினதில்ல. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பாடி_டீசல்:

சார், வண்டி எதுன்னு அப்புறம் பேசலாம், முதல்ல எந்த வீல் இழுக்குதுன்னு பாருங்க. விங்கர் முன் வீல் டிரைவ், டிராவலரும் அர்பேனியாவும் பின் வீல் டிரைவ். இஞ்சின் வெயிட்டு முன்னாடிதான் இருக்கும், அதனால லேசான பனில சமதரைல விங்கருக்கு பிடிப்பு நல்லா இருக்கும். ஆனா மேடு ஏறும்போது வெயிட்டு பின்னாடி சாயும், நீங்க கட்டில், பேட்டரி, தண்ணி டேங்க் எல்லாத்தையும் பின்னாடியே வெச்சு கட்டினீங்கன்னா முன் வீல் லேசாகி அங்கயே சுத்த ஆரம்பிச்சிடும். டிராவலருக்கு இது அப்படியே தலைகீழ், பின்னாடி லோடு இருந்தாதான் அதுக்கு பிடிப்பு. அதனால விங்கர்னா கனமான சாமானை முன் சீட்டுக்குப் பின்னாடியே வெக்கச் சொல்லுங்க, டிராவலர்னா பின் ஆக்ஸில் மேல. செயினும் இழுக்கற வீல்லதான் போடணும், விங்கருக்கு முன்னாடி, டிராவலருக்கு பின்னாடி.

அடுத்தது கூலன்ட். இத நான் எத்தன தடவ சொன்னாலும் போதாது. நம்ம ஊர்ல பாதி வண்டில ரேடியேட்டர்ல இருக்கறது குழாத் தண்ணி சார், வெயில்ல ஆவியாகி குறைய குறைய மேல மேல ஊத்திக்கிட்டே இருப்பாங்க, சென்னைல அதுக்கு ஒண்ணும் ஆகாது. அதே வண்டி குல்மார்க்ல ஒரு ராத்திரி நின்னா தண்ணி உறைஞ்சு விரிஞ்சு இஞ்சின் பிளாக்கே விரிசல் விடும். பழைய வண்டி வாங்கினா மொத்தத்தையும் இறக்கி, ஃப்ளஷ் பண்ணி, எத்திலீன் கிளைக்கால் கூலன்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி ஊத்துங்க, மைனஸ் 35 வரைக்கும் கவலை இல்ல. வைப்பர் தண்ணிய மறந்துடாதீங்க, அதுலயும் உறையாத திரவம்தான் ஊத்தணும்.

டீசல் விஷயம் இன்னும் முக்கியம். டீசல்ல மெழுகு இருக்கு, குளிர்ல அது திரண்டு ஃபில்டர அடைச்சிடும். நம்ம நாட்டு ஸ்பெக்ல ஃபில்டர் அடைக்கிற டெம்பரேச்சர் கோடைக்கால டீசலுக்கு 18 டிகிரி வரைக்கும் இருக்கலாம், குளிர்காலத்துக்கே 6 டிகிரி வரைக்கும் அனுமதி. லடாக் மாதிரி இடங்களுக்காக இந்தியன் ஆயில் 2019 நவம்பர்ல மைனஸ் 33 வரைக்கும் ஓடுற வின்டர் டீசல் கொண்டு வந்தாங்க. ஆக இங்க ஃபுல் டேங்க் அடிச்சிட்டு அதோட மேல ஏறாதீங்க. ஜம்முக்கு முன்னாடியே டேங்க்க காலி பண்ணிட்டு வந்து, ஜம்முவுலயும் ஸ்ரீநகர்லயும் அந்த ஊர் பங்க்ல அடிங்க, டீசல் ஃபில்டர கிளம்பறதுக்கு முன்னாடி புதுசா மாத்திட்டு ஒரு ஸ்பேர் கையில வெச்சுக்குங்க. டிஇஎஃப் (புகைய சுத்தம் பண்ற யூரியா கரைசல்) ஊத்துற வண்டின்னா அது மைனஸ் 11ல உறையும், உறையும்போது விரியும், அந்த டேங்க்க கழுத்து வரைக்கும் நிரப்பாதீங்க.

பனிமலைக்காதலன்:

ப்ரோ, நான் டிராவலர கேம்பரா மாத்தி அந்தப் பக்கம் குளிர்ல தங்கி இருக்கேன், அதனால தைரியமா சொல்றேன். நீங்க கேக்கற கேள்விய கொஞ்சம் திருப்பிப் போடுங்க. குல்மார்க் வரைக்கும் ஏறுற வண்டி எதுன்னு தேடாதீங்க, மைனஸ் 10ல மூணு பேர் நிம்மதியா தூங்கற வண்டி எதுன்னு தேடுங்க. ஏன்னா சென்னைல இருந்து ஸ்ரீநகர் 3,000 கிலோமீட்டருக்கு மேல, அதுல நிஜமான பனி ரோடுன்னு பாத்தா கடைசில தங்மார்க்ல இருந்து குல்மார்க் போற 13 கிலோமீட்டர்தான். தங்மார்க் சுமார் 2,150 மீட்டர், குல்மார்க் 2,650, அந்த 500 மீட்டரையும் வளைஞ்சு வளைஞ்சு ஏறணும். பனி விழுந்தா தங்மார்க்லயே நிறுத்திடுவாங்க, செயின் போட்ட வண்டி இல்ல ஃபோர் பை ஃபோர் மட்டும்தான் மேல விடுவாங்க. அங்க நாள் பூரா அதே ரோட்டுல செயின் போட்டு ஏறி இறங்குற உள்ளூர் சுமோ, ஜீப் ஓட்டுறவங்க இருக்காங்க. உங்க வேனை தங்மார்க்ல ஒரு ஹோட்டல் காம்பவுண்ட்ல காசு குடுத்து நிறுத்திட்டு, காலைல அவங்களோட மேல போயி ஸ்கீ பண்ணிட்டு சாயங்காலம் இறங்கி வந்துடுங்க. அந்த 13 கிலோமீட்டருக்காக பல லட்சம் கூடக் குடுத்து ஃபோர் பை ஃபோர் வாங்கறது எனக்கு சரியா படல.

அந்தக் காச ஹீட்டர்லயும் இன்சுலேஷன்லயும் போடுங்க. டீசல் ஹீட்டர்தான் சரியான வழி. வெபாஸ்டோ, எபர்ஸ்பேச்சர்னு ஜெர்மன் கம்பெனிங்க இருக்கு, சைனா மாடல் அதுல பல மடங்கு கம்மி விலை. டிராவலர் சைஸுக்கு 2 கிலோவாட் போதும், நீள வேன்னா 4. வண்டி டேங்க்ல இருந்தே டீசல் எடுக்கும், ஒரு ராத்திரிக்கு ரெண்டு ரெண்டரை லிட்டர்தான் குடிக்கும், எரியறதுக்கு வேண்டிய காத்தையும் வெளிய இருந்து எடுத்து புகையையும் வெளியவே விட்டுடும், உள்ள வர்றது சுத்தமான சூடு காத்து மட்டும்தான். வாங்கும்போது ஹை ஆல்டிட்யூட் செட்டிங் இருக்கான்னு கண்டிப்பா கேளுங்க, உயரத்துல காத்து லேசு, டீசல் அளவ குறைக்கலன்னா கரி பிடிச்சு ரெண்டு மூணு ராத்திரியிலயே கூட மக்கர் பண்ணும். ஓடும்போது கரன்ட் கம்மியா இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகறப்ப 8, 10 ஆம்பியர் இழுக்கும், பேட்டரி சோர்ந்து இருந்தா அங்கயே நின்னுடும்.

பேட்டரில ஒரு விஷயம், இப்ப எல்லாரும் லித்தியம் போடறாங்க, லித்தியம் அயன் பாஸ்பேட்ட ஜீரோ டிகிரிக்கு கீழ சார்ஜ் பண்ணவே கூடாது, உள்ள செல் கெட்டுப் போயிடும். அதனால வண்டிக்கு அடில மாட்டாம, வேனுக்குள்ள சூடு படற இடத்துல வைக்கச் சொல்லுங்க, குளிர்ல சார்ஜ தானா நிறுத்தற லோ டெம்பரேச்சர் கட்டாஃப் இருக்கற பிஎம்எஸ் (பேட்டரிய பாத்துக்கற சர்க்யூட்) கேளுங்க. தண்ணி டேங்க்கும் அப்படித்தான், அடில தொங்கற டேங்க் மொத்தமா ஐஸ் ஆயிடும். நாங்க உள்ள ரெண்டு கேன்ல தண்ணி வெச்சுதான் சமாளிச்சோம், பம்ப், பைப் எல்லாம் அந்த சீசன்ல காலி பண்ணி வெச்சிட்டோம்.

இன்சுலேஷனுக்கு கண்ணாடிப் பஞ்சு வேணவே வேணாம், ஈரம் குடிச்சு உள்ளயே துருப்பிடிக்கும். எக்ஸ்எல்பிஇ ஃபோம் இல்ல நைட்ரைல் ஃபோம், ஒட்டற டைப், தகரத்தோட இடுக்கே இல்லாம ஒட்டணும், குறுக்குச் சட்டத்த விட்டுடாதீங்க, குளிர் அந்த இரும்பு வழியாத்தான் உள்ள வரும். மூணு பேர் விடற மூச்சு, காயப் போட்ட ஈர ஜாக்கெட், ஸ்கீ பூட்ஸ் எல்லாம் சேந்து காலைல கண்ணாடி, சுவரு எல்லாம் தண்ணி வழியும், அதுவே ஐஸா பிடிக்கும். அதனால ஹீட்டர் ஓடும்போதும் மேல வென்ட்ட கொஞ்சமாவது திறந்து வைங்க, ஜன்னலுக்கு உள்பக்கம் ஃபோம்ல தட்டி வெட்டி சொருகுங்க. ஸ்கீ சாமான் எதுவும் வாங்க வேணாம், மேலயே வாடகைக்கு கிடைக்கும், ஈர ஸ்கீய வேனுக்குள்ள ஏத்தற வேலையும் மிச்சம்.

கடைசியா ஒண்ணு, இதுல விளையாட்டே கூடாது. கேங்ரி (காஷ்மீர்ல குளிர் காயற கரிச்சட்டி), அடுப்புக்கரி, கேஸ் ஸ்டவ் எதையும் தூங்கும்போது வேனுக்குள்ள எரிய விடாதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, குளிர்காலத்துல மூடின ரூம்ல கரி அடுப்பு வெச்சு குடும்பத்தோட செத்துப் போனவங்க செய்தி வடக்குல வருஷா வருஷம் வருது. சிஓ டிடெக்டர் ஒண்ணு படுக்கற இடத்துக்கிட்ட மாட்டுங்க, பேட்டரி போட்டு டெஸ்ட் பண்ணிட்டு மாட்டுங்க.

ஓஎம்ஆர்_ஃபோர்பைஃபோர்:

மேல சொன்ன நண்பர் ஹீட்டர் பத்தி சொன்னது எல்லாம் கரெக்ட், ஆனா ஃபோர் பை ஃபோர் வேணாம்னு சொன்னத நான் ஒத்துக்கமாட்டேன். குல்மார்க் மட்டும்னா ஜீப்ல போயிடலாம், சரி. நாளைக்கு அதே குடும்பம் சோலாங் போகணும்னு சொன்னா? மணாலில இருந்து 13 கிலோமீட்டர்தான், ஆனா பனி விழுந்த மறுநாள் ஃபோர் பை ஃபோர மட்டும்தான் விடறாங்க. அடல் டன்னல் தாண்டி சிஸ்ஸு பக்கம் போகணும்னாலும் அதே கதைதான், 9 கிலோமீட்டர் டன்னல், ரெண்டு வாசலும் 3,000 மீட்டருக்கு மேல, வெளிய வந்த உடனே ரோடு கண்ணாடி மாதிரி இருக்கும். வி-கிராஸ்ல ஃபோர் லோ (நாலு வீலும் மெதுவா, பலமா இழுக்கற கியர்) போட்டா ஊர்ந்து ஊர்ந்து இறங்கலாம், பிரேக்கையே தொட வேணாம், அது தர்ற நம்பிக்கை வேற எதுலயும் வராது. வண்டி செய்யறது நம்ம பக்கத்துல ஸ்ரீசிட்டிலதான், பார்ட்ஸுக்கு அலைய வேண்டியதில்ல. கூர்க்கா ஃபைவ் டோர் பாருங்க, முன்னாடி பின்னாடி ரெண்டு டிஃப்லாக்கும் (ஒரு ஆக்ஸில்ல ரெண்டு வீலையும் சேந்தே சுத்த வெக்கற லாக்) இருக்கு. மூணு பேர் படுக்க இடம் நெருக்கம்தான், ஒத்துக்கறேன், ஆனா ரூஃப் டென்ட்ட கோடைல போட்டுக்கலாம்.

பனிமலைக்காதலன்:

ப்ரோ, ரூஃப் டென்ட்டு பத்து வயசுக் குழந்தையோட ஜனவரில எப்படி சரிப்படும், கோடைக்குன்னு நீங்களே சொல்லிட்டீங்க, அவங்க கேக்கறதே ஜனவரிக்குத்தான். அப்புறம் ஃபோர் பை ஃபோர் வண்டிய கிளப்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. ஐஸ்ல நாலு வீலும் வழுக்கினா நாலுமே வழுக்கத்தான் செய்யும், அங்க வேலை செய்யறது டயரும் செயினும் மட்டும்தான். மணாலில தொக்கி நின்ன வண்டிகள்ல பாதிக்கு மேல சாதா டயர்ல வந்த ஃபோர் பை ஃபோர்தான், நானே கண்ணால பாத்திருக்கேன்.

டயர் பத்தியும் சொல்லிடறேன். நிஜமான வின்டர் டயர்ல மூணு மலை உச்சியும் நடுவுல பனித்துகளும் போட்ட சின்னம் இருக்கும், எம்+எஸ்னு மட்டும் போட்டிருந்தா அது கம்பெனியே போட்டுக்கற முத்திரை, பனில டெஸ்ட் பண்ணதுன்னு அர்த்தமில்ல. ஆனா முழு வின்டர் டயர் போட்டு சென்னைல இருந்து கிளம்பறதும் சரி இல்ல, அந்த ரப்பர் 7 டிகிரிக்கு கீழதான் வேலை செய்யற மாதிரி மெத்துன்னு இருக்கும், ஓங்கோல், விஜயவாடா பக்கம் பகல் வெயில்லயே தேஞ்சு போயிடும். அந்த மூணு மலைச் சின்னம் போட்ட ஆல் டெரெய்ன் உங்க வண்டி சைஸுக்கும் லோடு ரேட்டிங்குக்கும் கிடைச்சா அத போடுங்க, கிடைக்கலன்னா நல்ல பட்டன் இருக்கற புது டயரும் சரியான சைஸ் செயினும். செயின வாங்கிட்டு அப்படியே டிக்கில போட்டு வெக்காதீங்க, அபார்ட்மென்ட் பார்க்கிங்ல நாலஞ்சு தடவ கழட்டி மாட்டிப் பழகுங்க, இருட்டுல, கை விறைச்சுப் போன நேரத்துல அதப் படிச்சுக்கிட்டு இருக்க முடியாது. செயினோட 40க்கு மேல ஓட்டாதீங்க, வெறும் தார் ரோடு வந்ததும் கழட்டிடுங்க.

மீனா_அண்ணாநகர்:

எல்லாரும் வண்டிய இங்கிருந்து ஓட்டிட்டுப் போறதப் பத்தியே பேசறீங்க. நானும் வீட்டுக்காரரும் ஆபீஸ் வேலையா ஜப்பான்ல இருந்தப்ப ஹொக்கைடோல கேம்பர் வாடகைக்கு எடுத்து நிசெக்கோ பக்கம் ஸ்கீ பண்ணப் போவோம். அங்க பெரும்பாலும் டொயோட்டா ஹையேஸ் வேன்தான், ஃபோர் வீல் டிரைவ், ஸ்டட்லெஸ் டயரோட (ஆணி இல்லாத பனி டயர்) தருவாங்க, உள்ள இவங்க சொல்ற மாதிரிதான் தனியா எரியிற ஹீட்டர் இருக்கும். எடுக்கும்போதே அவங்க அழுத்தி சொன்னது, தூங்கும்போது இஞ்சின ஓட விட்டு சூடு பண்ணாதீங்க, ராத்திரி பனி கொட்டி சைலன்சர மூடிச்சுன்னா புகை உள்ள வந்துடும்னு. ஹீட்டர் புகை போற குழாய்க்கும் அதே ஆபத்துதான், நடுவுல ஒரு தடவ எழுந்து அந்தப் பக்கம் பனிய தள்ளி விட்டுட்டுப் படுங்க. சகோதரர் ஒரு தடவ வாடகைக்கு எடுத்து ரெண்டு ராத்திரி குளிர்ல தூங்கிப் பாத்துட்டு அப்புறம் சொந்த வேனுக்கு காசு போட்டா நல்லது. இங்க ஆர்டிஓல எடுக்கற இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட் ஜப்பான்ல செல்லும்.

பேப்பர்_வேலை:

வண்டிய மாத்திக் கட்டறதுக்கு முன்னாடி ஆர்சி விஷயத்த முடிச்சிடுங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி கம்பெனி குடுத்த ஸ்பெக்ல இருந்து நம்ம இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது, சுப்ரீம் கோர்ட்டும் 2019ல அதையேதான் சொல்லிச்சு. மோட்டார் காரவானுக்குன்னு ஏஐஎஸ் 124 ஸ்டாண்டர்ட் இருக்கு, அதுக்கு அப்ரூவல் வாங்கின இடத்துல கட்டினா ஆர்சில கேம்பர் வேன்னே போட்டுத் தருவாங்க. இல்லன்னா மாநிலத்துக்கு மாநிலம் செக்போஸ்ட்ல பதில் சொல்லணும், இன்சூரன்ஸ் க்ளெய்மும் சிக்கலாகும். அம்பத்தூர்க்காரர்கிட்ட முதல் கேள்வியா இதக் கேளுங்க. அப்புறம் பழைய டீசல் வாங்கினா இன்னொண்ணு, குளிர்காலத்துல டெல்லில காத்து மோசமானா பிஎஸ் 4 டீசலுக்கு தடை போடறாங்க, குருகிராம், நொய்டா பக்கமும் அதே. பிஎஸ் 6 வண்டியா பாத்து வாங்குங்க.

வேளச்சேரி_வேன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, வீட்டம்மாவும் உக்காந்து முழுசா படிச்சாங்க. தங்மார்க்ல நிறுத்திட்டு ஜீப்ல மேல போற ஐடியா எங்க ரெண்டு பேருக்கும் மனசுக்கு சரின்னு பட்டுது, ஃபோர் பை ஃபோர இப்போதைக்கு விட்டுட்டோம். பிஎஸ் 6 டிராவலர்தான் பாக்கறோம், நிக்கற உயரம் இருக்கு, பொண்ணு உள்ளயே டிரஸ் மாத்திக்கலாம். அம்பத்தூர்க்காரர்கிட்ட ஏஐஎஸ் 124 கேட்டேன், பதிலே வரல, வேற இடம் தேடணும். இன்னும் ரெண்டு சந்தேகம். ஒண்ணு, ஜம்மு ஸ்ரீநகர் ரோடு ஜனவரில ஒரு புது ஆள் ஓட்டற மாதிரி இருக்குமா? ரெண்டாவது, ராத்திரி நிறுத்தும்போதும் காலைல எடுக்கும்போதும் என்ன கவனிக்கணும்?

பனிமலைக்காதலன்:

ரோடு முன்ன மாதிரி இல்ல ப்ரோ. 2017ல செனானி நஷ்ரி டன்னல் வந்துச்சு, 2021ல பனிஹால் காசிகுண்ட் டன்னல் வந்துச்சு, பழைய ஜவாஹர் டன்னல் மேடு ஏற வேண்டியதில்ல. பயப்பட வேண்டிய இடம் ராம்பன் பக்கம்தான், மழை இல்ல பனி விழுந்தா மேல இருந்து கல்லு உருளும், ரோட்ட மூடிடுவாங்க. டிராஃபிக் போலீஸ் தினம் அட்வைசரி போடறாங்க, முந்தின ராத்திரி அதப் பாத்துட்டு மட்டும் ஜம்முவ விட்டுக் கிளம்புங்க, ரெண்டு நாள் கையிருப்பா வெச்சு லீவு போடுங்க. நிஜமா உங்களுக்கு கஷ்டமா இருக்கப் போறது பஞ்சாப், ஹரியானால பனிமூட்டம், பத்தடிக்கு முன்னாடி லாரி தெரியாது. காலைல பத்து மணிக்கு மேல கிளம்பி இருட்டறதுக்குள்ள நிறுத்திடுங்க, எவ்ளோ லேட் ஆனாலும் சரி. மலைல நிழல் விழற வளைவும் பாலமும்தான் கருப்பு ஐஸ் பிடிக்கற இடம், ரோடு ஈரமா இருக்கற மாதிரிதான் தெரியும், அங்க பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் வெடுக்குன்னு தொடாதீங்க, முன்னாடியே செகண்டுக்கு வந்து இஞ்சின் பிரேக்ல இறங்குங்க. பனில கிளப்பறதும் செகண்ட் கியர்லயே, ஆக்ஸிலரேட்டர தடவற மாதிரி.

போஸ்ட்பெய்ட் சிம் ஒண்ணு வாங்கிடுங்க, நம்ம ஊர் ப்ரீபெய்ட் ஜம்மு காஷ்மீர்ல வேலை செய்யாது. ரோட்டோரம் கண்ட இடத்துல நிறுத்தித் தூங்காதீங்க, ஆர்மி ஏரியா நிறைய, எங்க நின்னாலும் ஹோட்டல்லயோ பக்கத்து கடைலயோ சொல்லிட்டு நில்லுங்க, அந்த ஊர் ஜனங்க ரொம்ப நல்லவங்க, டீ குடுத்து உக்கார வெப்பாங்க. டிசம்பர் 21ல இருந்து நாப்பது நாள் சில்லை கலான்னு சொல்லுவாங்க, குளிர் உச்சம் அதுதான், முதல் தடவ வேனோட போறதுக்கு அத விட்டுட்டு பிப்ரவரி நடுவுல போங்க, பனியும் நல்லா இருக்கும், ராத்திரி கொஞ்சம் தாங்கும்.

பாடி_டீசல்:

ராத்திரி நிறுத்தறப்ப ஹேண்ட் பிரேக் போட்டு வெக்காதீங்க சார், ஈரம் உறைஞ்சு ஷூ டிரம்மோட ஒட்டிக்கும், காலைல வீல் சுத்தாது. சமதரைல கியர்ல போட்டு ரெண்டு வீலுக்கும் கட்டை குடுங்க. வைப்பர தூக்கி விட்டுடுங்க. கண்ணாடில ஐஸ் இருந்தா சுடுதண்ணி ஊத்தக் கூடாது, பட்டுன்னு தெறிச்சிடும், பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர்ல சுரண்டுங்க. இஞ்சின் பேட்டரி மூணு வருஷம் ஆயிடுச்சுன்னா கிளம்பறதுக்கு முன்னாடியே மாத்திடுங்க, நம்ம வெயில்ல அது பாதி செத்திருக்கும், இங்க ஸ்டார்ட் ஆகும், அங்க குளிர்ல முக்கும். காலைல சாவியப் போட்டதும் உடனே அடிக்காதீங்க, குளோ பிளக் (டீசல் இஞ்சின ஸ்டார்ட்டுக்கு முன்னாடி சூடு பண்றது) லைட்டு அணையற வரைக்கும் இருங்க, ரொம்ப குளிர்னா ஆஃப் பண்ணி இன்னொரு தடவ சூடு பண்ணிட்டு அடிங்க. சமையலுக்கு நம்ம வீட்டு கேஸ் எடுத்துட்டுப் போனா அதுல பியூட்டேன் இருக்கு, அது ஜீரோ டிகிரிகிட்டயே ஆவியாகாது, அடுப்பு மினுக்கு மினுக்குன்னு எரியும், வேனுக்குள்ள சூடா இருக்கறப்ப சமைச்சுக்குங்க, ஜன்னல் திறந்து வெச்சு. டிராவலர் பாக்கப் போற அன்னைக்கு சொல்லுங்க, ஞாயித்துக்கிழமைன்னா நானும் கூட வந்து அடில படுத்துப் பாக்கறேன், சேசிஸ் துருவும் ரேடியேட்டர் தண்ணியும் பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க.